ஆதிச்சநல்லூர் தாழிக்கு வயசு கணக்குப் போட ஒரு சாஃப்ட்வேர்: இன்ஸ்டால் ஆகலன்னா எங்க தேடணும்?



போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்க ஊரு. அங்கிருந்து ஆதிச்சநல்லூர் பரம்பு பைக்ல பத்து நிமிஷம். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அன்னைக்கு ஒரு ஃபார்வர்ட் வந்தது: ஆதிச்சநல்லூர் தாழிகளுக்கு வயது பத்தாயிரம் ஆண்டு, தமிழனா இருந்தா ஷேர் பண்ணு. சித்தப்பா கைதட்டுற எமோஜி போட்டார். மாமா ரெண்டு தீ போட்டார். நான் சத்தமா வாசிச்சுக் காட்டினதும் ஆச்சி கேட்டா: "நீ இஞ்சினியருக்குத்தானல படிக்க? இது நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லேன்."

என்கிட்ட பதில் இல்ல. பரம்புல ஓடி விளையாடியிருக்கேன், மண்ணுக்கு வெளிய தலை நீட்டிக்கிட்டிருக்கிற தாழி விளிம்பைத் தொட்டுப் பாத்திருக்கேன். ஆனா அதோட வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

தேடிப் பாத்தப்போ, அந்தக் கணக்கைப் போடுற சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குதுன்னு தெரிஞ்சது. சரி, இன்ஸ்டால் பண்ணிப் பாத்துருவோம்னு உக்காந்தேன். அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சது மூணு நாள் இழுத்தது. நடுவுல ஒரு லேப்டாப்பையே படுக்க வெச்சுட்டேன். அந்த மூணு நாள்ல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். ப்ராஜெக்டுக்கு ஓப்பன்ஃபோம், க்ராஸ், ரூட்னு வேற ஏதாவது அறிவியல் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஏத்தப் போறவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரு குறிப்பு: கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்துல குடுத்திருக்கேன். டெர்மினல்ல ஆங்கில எழுத்துலதான் அடிக்கணும்.

முதல்ல, எதுக்கு இந்த சாஃப்ட்வேர்?

ஆதிச்சநல்லூரை முதல்ல தோண்டினவர் ஜெர்மனிக்காரர் ஃபெடோர் யாகோர், 1876-ல. எடுத்த பொருள்களை பெர்லினுக்குக் கொண்டு போயிட்டார். அதுக்கப்புறம் 1899-ல இருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். திரும்பவும் 2004-05-ல இந்தியத் தொல்லியல் துறை, சத்தியமூர்த்தி தலைமையில் தோண்டியது. அப்போ கிடைச்ச மாதிரிகள்ல ரெண்டு, பல வருஷம் கழிச்சு, அமெரிக்க ஆய்வகம் ஒண்ணுக்குக் கார்பன் சோதனைக்குப் போச்சு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில நடந்த வழக்குலதான் 2019-ல முடிவு வெளிய வந்தது: கி.மு. 905, கி.மு. 696.

இந்த மாதிரி எண்கள் எப்படி வருது? உயிரோட இருக்கிற மரமோ மனுஷனோ கார்பன்-14 அணுக்களைக் காத்துலருந்தும் சாப்பாட்டுலருந்தும் எடுத்துக்கிட்டே இருக்கும். செத்ததும் வரவு நின்னுடும், இருக்கறது சிதைய ஆரம்பிக்கும். 5730 வருஷத்துல பாதியாயிடும். மிச்சம் எவ்வளவுன்னு அளந்தா வயசு கிடைக்கும். ஆனா காத்துல கார்பன்-14 அளவு எல்லாக் காலத்துலயும் ஒரே மாதிரி இருந்ததில்ல. அதனால ஆய்வகம் தர்றது நேரடியான காலண்டர் வருஷம் இல்ல. 2450, கூட்டல் கழித்தல் 30 அப்படிங்கிற மாதிரி ஒரு 'ரேடியோகார்பன் வயசு'. அதுவும் 1950-ல இருந்து பின்னாடி எண்ணினது. அதை மர வளையங்களை வெச்சுப் போட்ட ஒரு வளைகோட்டோட ஒப்பிட்டு காலண்டர் வருஷமா மாத்தணும். வடக்கு அரைக்கோளத்துக்கு இப்போ இருக்கிற வளைகோட்டுக்குப் பேர் இன்ட்கால்20. 55,000 வருஷம் பின்னாடி வரைக்கும் போகும்.

இந்த மாத்துற வேலையைச் செய்யத்தான் 'ஆர்கார்பன்'. 'ஆர்' மொழியில என்ரிகோ கிரேமா, ஆண்ட்ரூ பெவன்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் எழுதின பேக்கேஜ். இலவசம்.

அந்த மூணு நாள்

என் லேப்டாப் சர்வீஸ்ல இருந்தது. அதனால அத்தை மகள் மதினியோட பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கினேன். மதினி அரசுப் பள்ளியில படிச்சப்போ கிடைச்ச இலவச லேப்டாப். அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கா? சி-டாக் உருவாக்கினது, டெபியனை அடிப்படையா வெச்சது. நம்மள்ல நிறைய பேர் வீட்டுல முதல்ல நுழைஞ்ச லினக்ஸ் அதுதான், ஒரு நாளும் திறந்து பாக்காம விட்டதும் அதைத்தான். நான் இங்கிலீஷ் மீடியம், எனக்கு அது கிடைக்கல. அப்போ கொஞ்சம் பொறாமையா இருந்தது உண்மை. இப்போ அந்த லேப்டாப்புல உபுண்டு இருக்கு, மதினி டிஎன்பிஎஸ்சிக்கு எடுத்த நோட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் காப்பி கிடையாது.

ஆர் திறந்து, இன்ஸ்டால்-டாட்-பேக்கேஜஸ்னு அடிச்சு, ஆர்கார்பன்னு குடுத்தேன். ஆயிரம் வரி ஓடுச்சு. கடைசியில நின்ன வரி: ஆர்கார்பன் இன்ஸ்டால் ஆனபோது நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ். யூனிக்ஸ்ல ஒரு ப்ரோகிராம் நல்லபடியா முடிஞ்சா பூஜ்யம்னு சொல்லிட்டுப் போகும். பூஜ்யம் இல்லன்னா தோல்வி, அவ்வளவுதான் அந்த வரிக்கு அர்த்தம். ஏன் தோத்ததுன்னு அது சொல்லல.

நான் என்ன பண்ணேன்? அந்தக் கடைசி வரியை அப்படியே காப்பி பண்ணி கூகுள்ல போட்டேன். எங்கயோ, வேற ஏதோ சாஃப்ட்வேருக்கு, எப்பவோ ஒருத்தர் குடுத்த பதில் வந்தது: பைத்தானை அழிச்சுட்டுத் திரும்ப ஏத்து. அதையும் காப்பி பண்ணி, முன்னாடி சூடோ போட்டு, கேட்ட கேள்விக்கு ஒய்னு அடிச்சேன். உபுண்டுவோட டெஸ்க்டாப், டெர்மினல், அப்டேட் பண்ற கருவி எல்லாமே பைத்தான்-3ஐ நம்பித்தான் நிக்குது. பைத்தான் போனதும் அதெல்லாமும் சேர்ந்து போச்சு. ரீஸ்டார்ட் பண்ணினா கறுப்புத் திரை.

மதினி நோட்ஸ் போச்சுன்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூங்கல. காலையில விஷயம் தெரிஞ்ச சீனியர் அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "பயப்படாத, ஹோம் ஃபோல்டர் அப்படியே இருக்கும்." கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 மூணையும் சேத்து அழுத்தினா எழுத்து மட்டும் வர்ற திரை வரும். அதுல லாகின் பண்ணி, நெட் கேபிள் சொருகி, உபுண்டு-டெஸ்க்டாப்னு ஒரு பேக்கேஜைத் திரும்ப ஏத்தினதும் எல்லாம் வந்துடுச்சு. நோட்ஸும் பத்திரம். முதல் வேலையா அதை பென்டிரைவ்ல காப்பி எடுத்தேன்.

பாடம் ஒண்ணு: ஆப்ட் எதையாவது அழிக்கிறதுக்கு முன்னாடி "இதெல்லாம் நீக்கப்படும்"னு ஒரு பட்டியல் காட்டும். ஒய் அடிக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. நான் படிச்சிருந்தா அதுல உபுண்டு-டெஸ்க்டாப்னு இருந்ததைப் பாத்திருப்பேன்.

கடைசி வரியை விடுங்க, முதல் எர்ரரைத் தேடுங்க

அண்ணன் அடுத்துக் கேட்டது: "முதல் எர்ரர் என்ன?" எனக்குக் கடைசி எர்ரர்தான் தெரியும். அங்கதான் என் தப்பு.

ஒரு பேக்கேஜ் இன்னொண்ணை நம்பியிருக்கும், அது வேறொண்ணை நம்பியிருக்கும். அடியில ஒண்ணு விழுந்தா மேல இருக்கிறது எல்லாம் வரிசையா விழும். நீங்க திரையில பாக்கிறது கடைசியா விழுந்தது. காரணம் இருக்கிறது முதல்ல விழுந்ததுல.

அதனால எல்லா வரியையும் ஒரு ஃபைல்ல பிடிச்சு வைங்க. இன்ஸ்டால் கமாண்டை ஆர்ஸ்கிரிப்ட் வழியா டெர்மினல்லயே ஓட்டி, அதுக்குப் பின்னாடி 2>&1 போட்டு, ஒரு குழாய்க் குறி போட்டு, டீ லாக்.டெக்ஸ்ட்னு அடிங்க. திரையிலயும் ஓடும், ஃபைல்லயும் சேமிக்கும். அந்த 2>&1 முக்கியம். எர்ரர் வரிகள் தனி வழியில வரும், அதை விட்டுட்டா குழாய்க்குள்ள வராது. அப்புறம் க்ரெப் வெச்சு எர்ரர்ங்கிற வார்த்தையைத் தேடி, ஹெட் போட்டு முதல் சில வரிகளை மட்டும் பாருங்க.

எனக்கு வந்த சங்கிலி இதுதான்: ஆர்கார்பனுக்கு எஸ்எஃப் வேணும். அது வரைபட வேலைக்கான பேக்கேஜ். தொல்லியல் இடங்களை மேப்ல வெச்சுக் கணக்குப் போட அது தேவை. எஸ்எஃப்புக்கு யூனிட்ஸ் வேணும். மீட்டர், கிலோமீட்டர் மாத்துற பேக்கேஜ். யூனிட்ஸுக்கு யூடியூனிட்ஸ்2ங்கிற சி லைப்ரரி வேணும். அது ஆர் பேக்கேஜே இல்ல, சிஸ்டம்ல இருக்க வேண்டியது. என் மெஷின்ல இல்ல. லாக்ல அந்த இடத்துல தெளிவாவே எழுதியிருந்தது: இந்த லைப்ரரி காணோம், டெபியன், உபுண்டுன்னா லிப்யூடியூனிட்ஸ்2-டெவ் ஏத்து. பதில் மொத நாள் ராத்திரியே திரையில இருந்தது. நான் மேல ஸ்க்ரோல் பண்ணல.

அதே கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருந்திருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது. ஆர் பேக்கேஜ்கள் இருக்கிற கிரான் தளம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஏற்கனவே கம்பைல் பண்ணினதைக் குடுக்குது. லினக்ஸுக்கு மூலக் கோடைக் குடுத்து உங்க மெஷின்லயே கம்பைல் பண்ணச் சொல்லுது. பக்கத்து ரூம் பையனுக்கு உடனே ஏறினது உங்களுக்கு ஏறலன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்.

எந்தக் கட்டத்துல நின்னுச்சு?

மூலக் கோடுலருந்து இன்ஸ்டால் ஆகுற எந்த சாஃப்ட்வேரும் அஞ்சு கட்டம் தாண்டணும். எந்தக் கட்டத்துல நின்னுச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

1. டவுன்லோடு. டைம்அவுட்னு வந்தா இங்க. ஆர் ஒரு ஃபைலுக்கு வழக்கமா 60 விநாடிதான் காத்திருக்கும். ஹாஸ்டல் வைஃபைக்கு அது பத்தாது. ஆப்ஷன்ஸ்ல டைம்அவுட்டை 600-ன்னு மாத்துங்க.

2. கன்ஃபிகர். கம்பைல் பண்றதுக்கு முன்னாடி தேவையானது எல்லாம் இருக்கான்னு ஒரு ஸ்கிரிப்ட் சரிபார்க்கும். "காணோம்"னு வந்தா இங்க. எனக்கு யூடியூனிட்ஸ் முடிஞ்சதும் அடுத்து ஜிடால்-கன்ஃபிக் காணோம்னு வந்தது. லிப்ஜிடால்-டெவ், லிப்ஜியோஸ்-டெவ், லிப்ப்ராஜ்-டெவ் மூணையும் ஏத்தினதும் தாண்டிச்சு. ஒரு எர்ரர் போய் வேற எர்ரர் வந்தா சோர்ந்து போகாதீங்க. அது முன்னேற்றம்.

3. கம்பைல். புள்ளி-எச்னு முடியுற ஃபைல் இல்லன்னு வந்தா இங்க. நிறைய பேர் குழம்புறது இந்த இடம்தான்: "லைப்ரரி ஏற்கனவே இருக்கே!" ஓடுறதுக்கு வேண்டிய லைப்ரரி வேற, அதை வெச்சுப் புதுசா ஒண்ணைக் கட்டுறதுக்கு வேண்டிய ஹெடர் ஃபைல்கள் வேற. ஹெடர்கள் டெவ்னு முடியுற தனி பேக்கேஜ்ல வரும். எந்த பேக்கேஜ்ல இருக்குன்னு தெரியலன்னா, ஆப்ட்-ஃபைல்ங்கிற கருவியை ஏத்தி, அந்த ஹெடர் பேரைக் குடுத்துத் தேடுங்க, சொல்லிடும். கம்பைலரே இல்லன்னா பில்ட்-எசென்ஷியல் ஏத்தணும். ஃபோர்ட்ரான் கேட்டா ஜிஃபோர்ட்ரான்.

இதே கட்டத்துல இன்னொரு எர்ரர் வரும்: கம்பைலர் 'கில்டு'. கோடுல தப்பு இல்ல, ரேம் பத்தல. சி++ கம்பைல் ரேமை நல்லாவே தின்னும். மதினி லேப்டாப்புல 2 ஜிபிதான். டிமெசேஜ் அடிச்சுப் பாத்தா அவுட் ஆஃப் மெமரின்னு இருக்கும். ப்ரௌசரை மூடுங்க, ஒரே நேரத்துல ஒரு ஃபைல் மட்டும் கம்பைல் ஆகுற மாதிரி வைங்க, அப்பவும் முடியலன்னா ஒரு ஸ்வாப் ஃபைல் உருவாக்கிக்குங்க. மெதுவா ஓடும், ஆனா முடியும்.

4. லிங்க். கம்பைல் ஆன துண்டுகளை ஒட்டுற கட்டம். மைனஸ்-எல்னு ஆரம்பிக்கிற ஒரு பேரைச் சொல்லி "கண்டுபிடிக்க முடியல"ன்னு வரும். மைனஸ்-எல்-லேபேக்னு வந்தா லேபேக் லைப்ரரியோட டெவ் பேக்கேஜ் இல்லன்னு அர்த்தம்.

5. லோடு. எல்லாம் ஏறிடுச்சு, ஓட்டும்போது மட்டும் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியலன்னு வரும். எல்டிடி கமாண்டுக்கு அந்த ஃபைலைக் குடுத்தா எந்த லைப்ரரி காணோம்னு பட்டியல் போடும். இதுக்கு அடிக்கடி காரணம் ரெண்டு இடத்துல ஒரே சாஃப்ட்வேர் இருக்கிறது. அனகோண்டா போட்டிருக்கீங்கன்னா அதுக்குள்ள ஒரு ஜிடால் இருக்கலாம், சிஸ்டம்ல இன்னொண்ணு. கட்டினது ஒண்ணை வெச்சு, ஓட்டுறது இன்னொண்ணை வெச்சு. விச் மைனஸ்-ஏ போட்டு ஒரே பேர்ல எத்தனை இருக்குன்னு பாருங்க.

சுத்தி வராம நேர் வழி உண்டா?

உண்டு. இதைத்தான் நான் முதல்லயே செஞ்சிருக்கணும். உபுண்டுவே சில ஆர் பேக்கேஜ்களைக் கம்பைல் பண்ணி வெச்சிருக்கு. ஆர்-கிரான்-எஸ்எஃப்னு ஆப்ட்ல கேட்டா, எஸ்எஃப்பும் அதுக்கு வேண்டிய எல்லா லைப்ரரியும் சேர்ந்து வந்துடும். அதுக்கப்புறம் ஆர்கார்பன் மட்டும்தான் மிச்சம். கம்பைல் பண்றதுக்கு முன்னாடி கம்பைல் பண்ணினது ஆப்ட்ல இருக்கான்னு தேடுங்க.

காலேஜ் லேப்ல சூடோ கிடைக்காது. அப்போ "இந்த இடத்துல எழுத முடியாது, உங்க சொந்த லைப்ரரி ஃபோல்டர் வெச்சுக்கலாமா?"ன்னு ஆர் கேட்கும். சரின்னு சொல்லுங்க. அதைத் தாண்ட சிஸ்டம் ஃபோல்டருக்கு 777 பெர்மிஷன் குடுக்கிறது, ஆரையே சூடோல ஓட்டுறது ரெண்டும் வேண்டாம். சிஸ்டம் லைப்ரரியே இல்லன்னா, கோண்டா வெச்சு உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ளயே எல்லாத்தையும் ஏத்திக்கலாம். ஆனா கோண்டான்னா முழுக்க கோண்டா. பாதி அது, பாதி ஆப்ட்னு கலந்தா அஞ்சாவது கட்டத்துல மாட்டுவீங்க.

வெர்ஷனையும் பாருங்க. உபுண்டு 20.04-ல ஆப்ட் தர்ற ஆர் 3.6.3, 22.04-ல 4.1.2, 24.04-ல 4.3.3. "இந்த ஆர் வெர்ஷனுக்கு இந்த பேக்கேஜ் இல்ல"ன்னு வந்தா, முதல்ல பேரைச் சரியா அடிச்சீங்களான்னு பாருங்க, அப்புறம் ஆர் பழசான்னு பாருங்க.

அப்பவும் முடியலன்னா யார்கிட்டயாவது கேளுங்க, அதுல வெட்கம் இல்ல. "வொர்க் ஆகல அண்ணா"ன்னு மட்டும் அனுப்பாம நாலு விஷயம் சேத்து அனுப்புங்க: எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், என்ன கமாண்ட் அடிச்சீங்க, முதல் எர்ரர் என்ன. போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, எழுத்தாவே அனுப்புங்க. நாலையும் எழுதும்போதே பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஆச்சிக்குச் சொன்ன பதில்

மூணாவது நாள் சாயங்காலம் ஆர்கார்பன் ஏறிடுச்சு. கேலிப்ரேட்ங்கிற ஃபங்ஷனுக்கு வயசு 2750, பிழை 30, வளைகோடு இன்ட்கால்20னு குடுத்தேன். சும்மா ஒரு உதாரண எண்தான். சுமார் கி.மு. 975-ல இருந்து 820-க்குள்ளன்னு வந்தது. ஏறக்குறைய 150 வருஷ அகலம், பரவால்ல. அடுத்து 2450, பிழை அதே 30. வந்தது சுமார் கி.மு. 750-ல இருந்து 410 வரைக்கும்! பிழை அளவு ஒண்ணுதான், ஆனா விடை இரண்டு மடங்குக்கு மேல அகலம். திரும்ப இன்ஸ்டால்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டேன்.

கோளாறு இல்ல. கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவுல அந்த வளைகோடு கிட்டத்தட்ட தட்டையா கிடக்கு. ஹால்ஸ்டாட் சமவெளின்னு சொல்றாங்க. அந்தக் காலத்துப் பொருள் எதைக் குடுத்தாலும் கார்பன் கணக்குல ஏறக்குறைய ஒரே வயசுதான் காட்டும். ஆதிச்சநல்லூருக்கு வந்த கி.மு. 696 அந்தச் சமவெளிக்குள்ளதான் விழுது. செய்தியில ஒத்தை எண்ணாப் படிக்கிறதுக்கும், நாமளே கணக்குப் போட்டு அதைச் சுத்தி இருக்கிற அகலத்தைப் பாக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அப்போதான் புரிஞ்சது. இனிமே யாராவது 'இத்தனை வருஷம்'னு ஒரே எண் சொன்னா, கூட்டல் கழித்தல் எவ்வளவுன்னு கேட்பேன்.

ஆச்சிகிட்டப் போய்ச் சொன்னேன். பத்தாயிரம்னு சொல்ல இந்தக் கார்பன் முடிவுல ஆதாரம் இல்ல. இதுல பழசு கி.மு. 905, அதாவது மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. குரூப்லயும் அதையே போட்டேன். சித்தப்பா பதில் போடல. ஆச்சி மட்டும் வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டா: "மூவாயிரம் என்ன கொறச்சலா? அதுக்கு எதுக்குல பொய் சொல்லணும்?"

அந்தக் கேள்விக்கு எந்த பேக்கேஜும் இல்ல. ஆனா எண்ணைச் சரிபார்க்கிறதுக்கு இருக்கு, இலவசமா. நடுவுல நிக்கிறது ஒரு எர்ரர் மெசேஜ் மட்டும்தான். மேல ஸ்க்ரோல் பண்ணி முதல் எர்ரரைப் படிங்க.

உங்க ஊர்ப் பக்கம் ஏதாவது சாஃப்ட்வேர் ஏறாம அடம் பிடிச்சா, லாக் ஃபைலோட எழுதுங்க. அடுத்த இதழ்ல சேர்ந்து படிப்போம்.